நிலவறையில் பிறருடைய பேய்: செத்த வீரர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் ஒரு கடையின் மேல்மாடி அறையில் சனிக்கிழமைகளில் கணினி வகுப்பு நடத்துகிறேன். பாடம் முடிந்து, பஸ் வரும்வரை மிஞ்சும் ஒரு மணித்தியாலத்தில் பிள்ளைகள் நெட்ஹேக் விளையாடுவார்கள்; நிலவறைக்குள் தளம் தளமாக இறங்கும், ரோக்லைக் என்னும் வகையைச் சேர்ந்த கணினி விளையாட்டு அது. மடிக்கணினி ஒன்றுதான், விளையாடுவோர் ஏழெட்டுப் பேர். ஒருவர் செத்த இடத்தை இன்னொருவர் மிதிப்பது அதனால் இங்கே அடிக்கடி நடக்கிறது; அதே சந்தேகங்களும் அடிக்கடி எழுகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, கீழே பதில் தந்திருக்கிறேன்.

"ரோக்லைக்னா என்னா அண்ணே? பேய் கேமா?"

பேய் விளையாட்டு அல்ல. 1980ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவில் மைக்கேல் டோய், கிளென் விச்மன் என்னும் இரு மாணவர்கள் ஆக்கிய ரோக் என்ற விளையாட்டின் வழியில் வந்தவற்றுக்கு அந்தப் பெயர். நிலவறையின் தளங்கள் ஒவ்வோர் ஆட்டத்திலும் புதிதாக அமையும். நீங்கள் ஓர் அடி வைத்தால்தான் எதிரியும் அசையும். செத்தால் செத்ததுதான், பழைய இடத்திலிருந்து மீண்டும் தொடங்க வழியில்லை. இந்த மூன்றாவது விதி இல்லாவிட்டால் கீழே வரும் கேள்விகள் எவற்றுக்கும் இடமே இல்லை.

"போன்ஸ் போன்ஸ்னு சொல்றீங்களே, யாரோட போன்?"

தமிழில் எழுதினால் வரும் குழப்பம் இது. கைத்தொலைபேசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எலும்புகள் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அது. ஒரு வீரர் சாகும்போது அவர் நின்ற தளம் முழுவதையும், அதாவது சுவர், பொறி, தரையில் கிடக்கும் பொருட்கள், உயிரோடிருக்கும் எதிரிகள் ஆகிய அனைத்தையும் விளையாட்டு ஒரு கோப்பாக எழுதி வைக்கக்கூடும். அதுதான் எலும்புக் கோப்பு. பின்னர் வேறொருவர் அதே ஆழத்துக்கு இறங்கும்போது, புதிய தளத்துக்குப் பதிலாக அந்தப் பழைய தளம், செத்தவரின் பேயோடு, திறக்கலாம். வகுப்பில் நாங்கள் போன்ஸ் என்றே சொல்கிறோம். "போன்ஸ் கிடைச்சிருச்சு" என்று ஒரு பையன் கத்தியதைக் கேட்டுக் கீழ்க் கடைக்காரர் தம்முடைய தொலைபேசியைத் தேடியதும் உண்டு.

"செத்தது வேற ஆளு. அது எப்படி என்னோட ஆட்டத்துல வந்து நிக்குது?"

இந்த விளையாட்டுகள் பிறந்த காலத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கணினி இருக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய இயந்திரத்தைப் பலர் தத்தம் திரைகளிலிருந்து பயன்படுத்தினார்கள். விளையாட்டும் அதன் கோப்புகளும் ஓரிடத்தில் இருந்தன. 1982இல் ஜே ஃபென்லாசன் பாடசாலை மாணவராக இருந்தபோது நண்பர்களோடு ஹேக் என்ற விளையாட்டை எழுதினார். அதை ஆம்ஸ்டர்டாமில் இருந்த அன்ட்ரீஸ் ப்ரௌவர் விரிவாக்கி 1984இல் வெளியிட்டார். அந்த வழியில் 1987இல் நெட்ஹேக் வந்தது. பொது இயந்திரத்தில் ஒருவர் விட்டுப்போன எலும்புக் கோப்பு அடுத்து விளையாடியவருக்குக் கிடைத்தது இயல்பாக நடந்த காரியம்.

எங்கள் ஒற்றை மடிக்கணினியும் அதே நிலையில்தான் இருக்கிறது. வீட்டில் தனியாக விளையாடுபவர்கள் பெரும்பாலும் தங்கள் சொந்தப் பேயையே சந்திப்பார்கள். இணையத்திலுள்ள பொதுச் சேவர்களில் விளையாடினால் முன்பின் அறியாதவர்களின் பேய்கள் வரும். வீட்டுக் கணினிகளுக்கிடையே எலும்புக் கோப்புகளைப் பரிமாறுவதற்கென்றே ஒரு சேவையும் உருவானது. அதற்கு வைத்த பெயர் ஹேர்ஸ், பிரேத வண்டி.

"அந்தப் பேயை அடிக்கணுமா, ஓடணுமா?"

இரண்டும் வேண்டாம், நடந்தாலே போதும். நெட்ஹேக்கில் பேயின் வேகம் 3, சாதாரண வீரரின் வேகம் 12. அது ஓர் அடி வைப்பதற்குள் நீங்கள் நான்கு அடி வைத்துவிடலாம். தொடக்கத்தில் அது உறங்கிக்கொண்டுதான் இருக்கும். விழித்து அடித்தாலும் ஓர் அடிக்கு ஓர் உயிர்ப்புள்ளிதான் குறையும். ஆனால் அதை அடிப்பது மிகக் கடினம், கொல்வதற்கு நெடுநேரம் பிடிக்கும். அது சுவரையும் ஊடுருவி வரும். எழுத்துத் திரையில் அதற்குரிய குறி வெற்றிடம் என்பதால், ஒன்றுமில்லாத கட்டம் ஒன்று உங்களை நோக்கி நகர்வதாகத் தோன்றும். முதன்முறை பார்ப்பவர்கள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவதை நான் ரசித்துப் பார்ப்பேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"அப்ப யாருக்குத்தான் பயப்படணும்?"

செத்தவரைக் கொன்றவருக்கு. முழுப் பக்கத்திலும் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும். தளம் அப்படியே பாதுகாக்கப்படுகிறது என்று மேலே சொன்னேன் அல்லவா? அப்படியென்றால் கொன்ற விலங்கும் அங்கேயே இருக்கிறது. உங்களுக்கு முன் வந்தவர் உங்களைவிடப் பலசாலியாக இருந்திருக்கலாம், அவரையே அது சாய்த்துவிட்டது.

எங்கள் அறையில் நடந்ததைச் சொல்கிறேன். நமுனுகுல என்ற பெயருடைய வீரர் ஆறாம் தளத்தில் படையெறும்புகளிடம் செத்தார். படையெறும்பின் வேகம் 18; ஒரே தாக்குதலில் கடித்துவிட்டுக் கொட்டவும் செய்யும், கொட்டில் நஞ்சு இருக்கலாம். அடுத்த வாரம் என் அக்கா மகன் அதே தளத்தில் இறங்கினான். படிக்கட்டிலிருந்து பார்க்கும் தூரத்தில், ஓர் அறையின் நடுவே பொருட்குவியல் ஒன்று தெரிந்தது. "அண்ணே, கவசம் கெடக்கு" என்று சொல்லிக்கொண்டே ஏழு அடி நடந்தான். எட்டாவது அடியில், திரையின் வலப்பக்கத்தில் நீல நிறத்தில் ஏ என்ற சின்ன எழுத்து மூன்று தோன்றியது. திரும்பிப் படிக்கட்டை நோக்கி ஓடினான். வேகம் 12 உள்ளவன் வேகம் 18 உள்ளதிடமிருந்து எங்கே ஓடுவது? கவசத்தைத் தொடாமலே செத்தான்.

எனவே, சம்பந்தமில்லாத பொருட்கள் ஓரிடத்தில் குவிந்து கிடந்தால் படிக்கட்டிலேயே நில்லுங்கள். சில முறை காத்திருந்து, என்ன வருகிறது என்று பாருங்கள். படிக்கட்டில் நிற்பவரால் மேலே ஏறிவிட முடியும். பக்கத்தில் ஒட்டி நிற்பவை மட்டுமே கூட வரும் என்பதால், மூன்றில் ஒன்றை மேலே இழுத்துச் சென்று தனியாகச் சமாளிக்கவும் முடியும். கல்லறையின் மேல் நின்று பார்த்தால் செத்தவரின் பெயரோடு எதனால் செத்தார் என்பதும் எழுதியிருக்கும். ஆங்கிலம் வராதவர்கள்கூடப் படிக்கப் பழக வேண்டிய வரி அது. குவியலைப் படிப்பதற்கு முன் கல்லைப் படியுங்கள்.

"தரையில கெடக்குற சாமானெல்லாம் எடுத்துக்கலாமா?"

எடுக்கலாம், உடனே அணியக்கூடாது. செத்தவரின் ஒவ்வொரு பொருளும் சாபத்துக்கு உள்ளாகும் வாய்ப்பு ஐந்தில் நான்கு, அதாவது 80 சதவீதம். சாபமுள்ள கவசத்தைக் கழற்ற முடியாது; சாபமுள்ள வாள் கையோடு ஒட்டிக்கொள்ளும்.

சோதிக்க எளிய வழி, ஆட்டத்தில் உங்களோடு வரும் நாயோ பூனையோதான். சாபமுள்ள பொருள் கிடக்கும் கட்டத்தை அது தவிர்க்கும். வேறு வழியின்றி மிதித்தால் தயங்கி மிதித்ததாகத் திரையில் ஒரு வரி வரும். பலிபீடம் அருகில் இருந்தால் அதன்மேல் பொருளைப் போட்டுப் பாருங்கள், சாபமுள்ளதற்குக் கறுப்பு ஒளி தோன்றும். கடைக்குள் செத்தவரின் பொருட்கள் வேறு கதை: கடைக்காரர் அவற்றுக்கு உரிமை கொண்டாடிவிடுவார், காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். தோட்டத்துக் கடையில் கொப்பி வைத்துக் கடனுக்குச் சாமான் வாங்கிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டி வரவில்லை.

"போன தடவை அவன் செவப்பு மருந்தைக் குடிச்சுத்தான் தூங்கிச் செத்தான். எனக்குக் கெடச்சதும் செவப்பு. ஊத்திரட்டுமா?"

ஊற்ற வேண்டாம். எந்த நிறம் எந்த மருந்து என்பது ஒவ்வோர் ஆட்டத்திலும் புதிதாகக் கலைக்கப்படுகிறது. அவருடைய ஆட்டத்தில் தூக்க மருந்தாக இருந்த சிவப்பு, உங்களுடையதில் காயம் ஆற்றும் மருந்தாக இருக்கலாம். எலும்புத் தளத்தில் கிடக்கும் மருந்து தன் குணத்தை மாற்றாது. ஆனால் உங்கள் ஆட்டத்தில் அந்தக் குணத்துக்கு எந்த நிறம் விழுந்ததோ அந்த நிறத்தில் தோன்றும். செத்தவர் கற்றுவைத்த அறிவு அவரோடு போய்விடுகிறது, பொருள் மட்டும் மிஞ்சுகிறது.

"நான் ஆறாவதுல செத்தேன். அடுத்த ஆட்டத்துல போய்ப் பார்த்தா ஒன்னுமே இல்ல. ஏன்?"

இரண்டு முறை நாணயம் சுண்டப்படுகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். முதலாவது, சாகும் நேரத்தில். முதல் மூன்று தளங்களில் செத்தால் எலும்புக் கோப்பு ஒருபோதும் உருவாகாது. நான்கு முதல் ஏழு வரையான தளங்களில் வாய்ப்பு 2இல் 1; எட்டு முதல் பதினொன்று வரை 3இல் 2; அதற்குக் கீழே போகப்போகக் கூடும். இரண்டாவது, அடுத்தவர் அந்தத் தளத்தில் முதன்முதலாகக் காலடி வைக்கும் நேரத்தில்: கோப்பு இருந்தாலும் அது திறப்பதற்கான வாய்ப்பு 3இல் 1தான். ஆக ஆறாம் தளத்தில் செத்தவரை அடுத்த ஆட்டத்திலேயே சந்திப்பதற்கு ஆறில் ஒரு வாய்ப்பு.

அத்தோடு, ஒரு தளத்துக்கு ஒரே ஒரு கோப்புதான். ஏற்கெனவே ஒருவர் அங்கே செத்துக் காத்திருந்தால் உங்களுக்கு இடம் கிடையாது. ஒருவர் சந்தித்த பின்னர் அந்தக் கோப்பு அழிக்கப்பட்டுவிடும் என்பதால் அதே பேயைப் பொதுவாக இரண்டு பேர் சந்திக்க முடியாது. சந்தித்தவரும் அங்கேயே செத்தால் அந்தத் தளம் மறுபடி எழுதப்படலாம். மூன்றாமவருக்கு இரண்டு கல்லறைகள் காத்திருக்கும். அக்கா மகன் விஷயத்தில் அதுதான் நடந்தது.

"வெளையாடிக்கிட்டிருக்கும்போது கரண்ட் போனா எலும்பு வருமா?"

வராது. மரணத்தில்தான் வரும். மின்சாரம் போனது மரணம் அல்ல. நீங்களாகவே ஆட்டத்தைக் கைவிட்டாலும் வராது.

"பெரிய தாயத்தோட செத்தவன் கெடச்சா ஆட்டம் முடிஞ்சிருமே?"

முடியாது. இதை எழுதியவர்கள் முன்பே யோசித்துவிட்டார்கள். ஆட்டத்தின் இறுதி இலக்காகிய யென்டோரின் தாயத்து எலும்புத் தளத்தில் மலிவான பிளாஸ்டிக் போலியாக மாறிவிடும். கீழுலகைத் திறக்க வேண்டிய மற்றப் பொருட்களும் அப்படியே: குத்துவிளக்கு மெழுகுவர்த்தியாகும், மந்திர மணி வெறும் மணியாகும், இறந்தோரின் புத்தகம் ஒன்றும் எழுதாத புத்தகமாகும். உலகில் ஒன்றே ஒன்று இருக்க வேண்டிய பெயர்பெற்ற ஆயுதம் உங்கள் ஆட்டத்தில் ஏற்கெனவே தோன்றியிருந்தால், எலும்புத் தளத்திலுள்ளது அதே வகைச் சாதாரண ஆயுதமாகிவிடும்.

"போன்ல ஷட்டர்ட் பிக்சல் டன்ஜன் வெளையாடுறேன். அதுல பேயே வரலையே?"

அதில் செத்த வீரரின் பேய் இல்லை, எச்சம் மட்டும்தான். 2012இல் வந்த பிக்சல் டன்ஜனை அடியாகக் கொண்டு எவன் டெபென்ஹாம் 2014 முதல் வளர்த்துவரும் விளையாட்டு அது. நீங்கள் செத்த ஆழத்தில் அடுத்த ஆட்டத்தின்போது ஓர் எலும்புக் குவியல் கிடக்கும். அதில் முந்தைய வீரரின் பொருள் ஒன்றோ தங்கமோ இருக்கும். எல்லாமே உங்கள் தொலைபேசிக்குள் நடப்பதால் அது எப்போதும் உங்கள் சொந்த வீரரின் எச்சம்தான். இணைய இணைப்பு இல்லாமலே விளையாடலாம் என்பதால், மலைக்குப் பின்னால் சிக்னல் கிடைக்காத தோட்ட டிவிஷன்களில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

"ஸ்டோன் சூப்புல கஷ்டப்பட்டுப் பேயை அடிச்சேன். அவனோட சாமான் ஒன்னுமே விழல. ஏமாத்தா?"

ஏமாற்று அல்ல, வேறு கொள்கை. டன்ஜன் கிரால் ஸ்டோன் சூப் 2006இல் தொடங்கியது. லின்லி ஹென்செல் 1990களில் எழுதிய கிராலின் வழி வந்தது. நெட்ஹேக் செத்தவரின் இடத்தைப் பாதுகாக்கிறது, கிரால் செத்தவரின் வலிமையைப் பாதுகாக்கிறது. அங்கே வரும் பேய் அவருடைய உயிர்ப்புள்ளி, அடிக்கும் பலம், கற்ற மந்திரம் ஆகியவற்றோடு வரும், பொருட்களோடு வராது. ஆகவே மேலே நெட்ஹேக் பேயைப் பற்றி நான் சொன்ன தைரியத்தை இங்கே காட்டினால் செத்துப்போவீர்கள். கொன்றால் கிடைப்பது அனுபவப்புள்ளி. பிந்திய பதிப்புகளில் இந்தப் பேய்களைத் தனி அறைகளில் அடைத்து, விளையாட்டே வைக்கும் பரிசுகளையும் உடன் வைத்திருக்கிறார்கள். நுழையாமல் விலகிப்போவது பெரும்பாலும் உங்கள் விருப்பம்; நானாக இருந்தால் விலகிவிடுவேன்.

"டார்க் சோல்ஸ்ல தரையில இரத்தக் கறை இருக்கே, அதுவும் போன்ஸா?"

உறவுமுறை சொல்லலாம், ஒரே வீடு அல்ல. 2009இல் வந்த டீமன்ஸ் சோல்ஸிலும் 2011இல் வந்த டார்க் சோல்ஸிலும் இணையத்தில் இணைந்திருக்கும்போது பிறர் செத்த இடங்களில் கறைகள் தெரியும். தொட்டால் அவருடைய கடைசி நொடிகள் சிவப்பு நிழலாக ஒருமுறை ஓடிக் காட்டப்படும். பொருளும் கிடைக்காது, பேயும் வராது. யார் கொன்றார் என்பது நிழலில் தெரியாது, எப்படி விழுந்தார் என்பது மட்டும் தெரியும். நெட்ஹேக்கின் கல்லறை வரி சொல்லும் சேதியில் மற்றப் பாதி இது.

"கல்லறையைத் தோண்டுனா பாவம் வருமா?"

மேலே கிடக்கும் பொருட்களை எடுப்பதற்கு எந்தத் தண்டனையும் இல்லை. தோண்டுவதுதான் சிலருக்குக் குற்றம்: தொல்லியலாளர், சாமுராய், நெறிவழி நிற்கும் பிற வீரர்கள் ஆகியோருக்கு நற்பெயர் குறையும். எப்படியும் எலும்புத் தளத்தில் செத்தவரின் உடைமைகள் கல்லறைக்கு மேலேதான் கிடக்கும். அவற்றுக்காகத் தோண்ட வேண்டிய தேவையே இல்லை.

"உயிரோட இருக்கிறவங்க பேரை வச்சு, அது செத்துப் பேயா வந்தா அபசகுனம் இல்லையா?"

இதைக் கேட்டவர் மாணவர் அல்லர், ஒரு மாணவியின் பாட்டி. பேத்தியை அழைத்துப்போக வந்தவர், திரையிலிருந்த பெயரை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அது அவருடைய மகனின் பெயர், அதன் பின்னால் பேய் என்று இருந்தது. மகன் அப்போது கொழும்பில் வேலையில் இருந்தார். பாட்டி ஒன்றும் சொல்லாமல் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப்போனார். அடுத்த சனிக்கிழமை பிள்ளை வரவில்லை.

நம்பிக்கையைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். விளையாட்டைப் பொறுத்தவரை எந்தப் பெயரும் ஒன்றுதான். பாட்டியைப் போய்ப் பார்த்துப் பேசிய பின்னர் எங்கள் அறையில் ஒரு விதி வைத்தோம்: மலைகளின் பெயரை மட்டுமே வைப்பது. பிதுருதலாகல, கிரிகல்பொத்த, ஹக்கல, நமுனுகுல என்று இப்போது எங்கள் நிலவறை முழுவதும் மலைகள்தான் செத்துக் கிடக்கின்றன. நாட்டின் மிக உயர்ந்த மலையாகிய 2,524 மீட்டர் பிதுருதலாகல, நாலாம் தளத்தில் ஒரு குள்ளனின் மண்வெட்டியால் செத்தது. பாட்டி அதைக் கேட்டுச் சிரித்தார். பிள்ளையும் திரும்பி வந்தாள்.

"நல்ல எலும்பு ஃபைலை காப்பி பண்ணி வச்சுக்கிட்டா?"

முடியும், அது சாதாரணக் கோப்புதான். ஆனால் செத்தவர் ஒருமுறைதான் செத்தார். வேண்டுமென்றே நல்ல பொருட்களோடு செத்து, கோப்பைப் பிரதி எடுத்து, மறுபடி மறுபடி அறுவடை செய்வதை விளையாடுவோர் மோசடியாகவே கருதுகிறார்கள். எனக்கும் அதே கருத்து. பேய்களே வேண்டாம் என்பவர்கள் நெட்ஹேக் 3.6 பதிப்பில் அமைப்புக் கோப்பின் மூலம் எலும்புகளை அடியோடு நிறுத்திவிடலாம். அது நேர்மையான வழி.

"சாகப்போறேன்னு தெரிஞ்சா அடுத்தவனுக்கு எதையாவது எழுதி வைக்கலாமா?"

எழுதலாம். தரைப் புழுதியில் விரலால் எழுதும் வசதி நெட்ஹேக்கில் உண்டு; எழுதியது எலும்புத் தளத்திலும் தங்கும். ஆனால் நீங்கள் சாகும் கட்டத்தில் எழுதினால் பயனில்லை, அங்கே கல்லறை எழும்பும்போது உங்கள் எழுத்து அழிந்து கல்லின் எழுத்து வந்துவிடும். எழுதிவிட்டு ஓர் அடி தள்ளி நின்று சாக வேண்டும். கல்லறை எழும்புவதும் அறையின் வெறுந்தரையில்தான். நடைவழியிலோ வாசற்படியிலோ செத்தால் கல் இராது. அப்படிப்பட்ட இடத்தில் உங்கள் புழுதி எழுத்து மட்டுமே அடுத்தவருக்குக் கிடைக்கும் சேதி.

சுருக்கமாக எழுதுங்கள், ஏனென்றால் மேலே நடப்பவை அதைக் கலைக்கும். ஆறாம் தளத்தில் இரண்டாவதாகச் செத்த அக்கா மகன், கடைசி நேரத்தில் எறும்பு என்று ஆங்கில எழுத்துகளில் எழுதிவிட்டு ஒரு கட்டம் நகர்ந்திருக்கிறான். ஐந்து வாரம் கழித்து பாட்டியின் பேத்தி அங்கே இறங்கியபோது அதில் மூன்று எழுத்துகள்தான் மிஞ்சியிருந்தன. அவள் அவற்றை இரண்டு முறை வாசித்தாள். பிறகு குவியலைப் பார்த்தாள், படிக்கட்டுக்குத் திரும்பினாள்.